சுகுமாரன் சார் குடியிருந்த கணினி

போன மாதம் ஒரு மத்தியானம் அஞ்சனா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு எங்கள் பிரிவில் சேர்ந்த பெண். வீடு கரமனையில். அப்பா அம்மாவோடு தமிழ், மற்ற உலகத்தோடு மலையாளம். என்னிடம் பேசும்போது இரண்டையும் கலந்துகட்டி அடிப்பாள்.

"மேடம், ஒரு சீரியஸ் காரியம். நம்ம பழைய டெஸ்டிங் மிஷின்ல ஒரு ஆளோட பெர்சனல் ஃபைல்ஸ் கெடக்கு. சுகுமாரன்னு ஒரு யூ.டி. கிளார்க். மகளோட கல்யாண போட்டோ, வீட்டு பிளான், பிரஷர் மாத்திரைச் சீட்டு வரைக்கும் உண்டு. இதை நம்ம வெச்சிருந்தா பிரச்னை ஆகும் அல்லே? அந்த சாரை எப்படி காண்டாக்ட் பண்றது?"

எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

"அவரை காண்டாக்ட் பண்ண முடியாதுடி."

"ஐயோ, மரிச்சுப் போயிட்டாரா?"

"எத்தனையோ தடவை போயிருக்கார். மறுபடி மறுபடி திரும்பி வந்துடுவார்."

மேடத்துக்கு வயசாகிப் புத்தி பிசகிவிட்டதோ என்று அவள் யோசிப்பது எனக்கு நன்றாகவே கேட்டது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். எங்கள் பிரிவுக்குப் புது ஏற்பாடு வந்துவிட்டதாம். சந்தேகப்படும் ஃபைலை எங்கேயோ இருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்பிவிட்டால், டீ குடித்து வருவதற்குள் அறிக்கை வந்துவிடுமாம். அஞ்சனா வருவதற்கு முன்பே மூலைக்குப் போய்விட்ட பழைய மிஷினை அழிக்கப் போகிறார்கள். அழிப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த இடத்தில்தான் சுகுமாரன் சார் அகப்பட்டுக்கொண்டார்.

"அவர் யாருன்னு எழுதித் தாங்கோ மேடம். இங்க ஒருத்தருக்கும் தெரியலை" என்றாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அரசு அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்னப் பிரிவில் நான் வேலை பார்த்தேன். படிப்பு கணக்கு. வேலைக்குச் சேர்ந்தபோது கணினியைத் தொட்டது கிடையாது. பயிற்சி என்ற பெயரில் ஓர் அறையில் உட்கார்த்தி வைத்தார்கள். அங்கே நான் கற்றுக்கொண்டது ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் கொண்டுபோக வேண்டும் என்பதைத்தான். மிச்சத்தையெல்லாம் ஆனியம்மா மேடத்திடம் கற்றேன்.

மேடத்துக்குச் சொந்த ஊர் கோட்டயம் பக்கம். கல்லூரிப் படிப்பு நாகர்கோவிலில். அந்தப் பழக்கத்தில் என்னிடம் தமிழில்தான் பேசுவார். வாக்கியம் தமிழில் கிளம்பி மலையாளத்தில் போய் இறங்கும். குள்ளமான உருவம், பருத்திப் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அவர் ரகசியம் பேசுகிற மாதிரி பேசினால் பிஜு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவான். பிஜு எங்கள் பிரிவின் மூன்றாவது ஆள். மின்சாரம் போனாலும் அவன் வாய் நிற்காது. மொத்தப் பிரிவும் நாங்கள் மூன்று பேர்தான்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எந்த அலுவலகத்திலாவது சந்தேகமான புரோகிராம் ஒன்று அகப்பட்டால் எங்களிடம் அனுப்புவார்கள். அது நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டும். ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஓடவிட்டால் கணினியே போய்விடலாம். அதனால் கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியைக் கட்டிவைப்போம். உள்ளே நுழைகிற புரோகிராமுக்கு அதுதான் முழு உலகம். அங்கே அது என்ன அட்டகாசம் செய்தாலும் வெளியே ஒரு தூசி விழாது. வேலை முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த உள் கணினி முன்பு இருந்த நிலைக்கே திரும்பிவிடும். சேண்ட்பாக்ஸ் என்று பெயர். மணல்பெட்டி என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். தீயணைக்கத் தொங்கவிட்டிருக்கும் சிவப்பு வாளிதான் ஞாபகம் வந்தது. சேண்ட்பாக்ஸ் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

மேடம் இதை எனக்கு முதன்முதலில் காட்டியபோது, புரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளும் அவசரத்தில் நான் சொன்னேன்: "எங்காத்து மடி மாதிரி மேடம். நாம எதையும் தொடப்படாது, எதுவும் நம்மைத் தொடப்படாது."

மேடம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை.

"மடின்னா ஆளை வெளியில நிறுத்தறது அல்லே சீதே? நானும் கொஞ்சம் நின்னிட்டுண்டு. இது அது இல்ல கேட்டோ. இங்க, வந்த ஆளை உள்ள விளிச்சு, உட்காரச் சொல்லி, சோறும் போட்டு, அவன் என்ன செய்யறான்னு நோக்கணும். வெளியில நிறுத்தினா அவன் நல்லவனா கெட்டவனான்னு ஒருகாலமும் அறியாது."

சொல்லிவிட்டு ஆரஞ்சில் பாதியை என்னிடம் நீட்டினார். எங்களைப் போன்றவர்கள் வீட்டு வாசலில் தானும் நின்றிருக்கிறார் என்ற அந்த 'நின்னிட்டுண்டு'வுக்கு என் காது சூடானது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சமையலறையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் மாமியாரிடம் எலுமிச்சம்பழச் சேவைக்குப் பக்குவம் கேட்டுக்கொண்டே இரண்டாவது தட்டும் வாங்கிக்கொண்டார். மாமியார் முதலில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தார். கிளம்பும்போது மேடத்தின் கையில் ஒரு டப்பா நாரத்தங்காய் ஊறுகாய் இருந்தது. அன்று முதல் அந்த மிஷினுக்கு எங்கள் மூவருக்குள்ளும் 'கெஸ்ட் ரூம்' என்றே பெயர்.

கெஸ்ட் ரூமுக்குச் சடங்குகள் உண்டு. புரோகிராமை ஓடவிடுவதற்கு முன்னால் மேடம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று வாய்விட்டுக் கேட்பார். நாங்களும் வாய்விட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"கேபிள்?"

"ஊரியாச்சு." வெளி நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி மேஜை மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்க வேண்டும்.

"ஸ்னாப்ஷாட்?"

"எடுத்தாச்சு." உள் கணினியின் அந்த நேரத்து நிலையைச் சேமித்தாயிற்று, எப்போது வேண்டுமானாலும் அதற்குத் திரும்பலாம் என்று அர்த்தம்.

"யாரு பார்க்கறது?"

"நான்."

'நான்' என்று சொன்னவர் அதன்பின் எழுந்திருக்கக் கூடாது. போன் எடுக்கக் கூடாது. பசித்தால் மேடமே கேன்டீனுக்குப் போய் டீயும் பழம்பொரியும் வாங்கி வந்து பக்கத்தில் வைப்பார். மேலதிகாரி இப்படிச் செய்வதைப் பார்த்து மற்ற பிரிவுக்காரர்கள் கேலி செய்ததுண்டு. "பார்க்கற ஆள் கண் எடுத்தா, நம்ம செய்யறதுக்குப் பேர் சோதனை இல்ல, வேண்டுதல்" என்பார் மேடம். இன்னொரு விதியும் உண்டு. கெஸ்ட் ரூமுக்குள் போன எதுவும் வெளியே வரக் கூடாது. ஒரு ஃபைல், ஒரு படம், ஒரு வரி கூடாது. கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டதுதான் வெளியே வரலாம்.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் சாமர்த்தியக்காரப் புரோகிராம்கள் வரத் தொடங்கின. அலுவலகத்தில் ரகளை செய்துவிட்டு வந்தது, எங்களிடம் வந்ததும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

"சீதே, ஒரு வீட்டுக்குப் போறாய்" என்றார் மேடம். "கொடியில துணி இல்ல. சிங்கில பாத்திரம் இல்ல. பத்திரிகை கூடக் கெடக்கல. என்ன நினைப்பாய்?"

"யாரும் குடியில்லைன்னு."

"அதுவும் அங்ஙனதான் நினைக்குது."

உண்மைதான். எங்கள் உள் கணினியில் ஒரு கடிதம் கிடையாது, ஒரு போட்டோ கிடையாது, மவுஸ் அசைவது கிடையாது. தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று அந்தப் புரோகிராம்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் அங்கே ஓர் ஆளைக் குடிவைக்க வேண்டும். நிஜ மனிதர் யாருடைய பொருளையும் உள்ளே வைக்கக் கூடாது, எங்கே எப்படிப் போகுமோ தெரியாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஓர் ஆளை உண்டாக்கினோம். அவர்தான் சுகுமாரன் சார்.

பெயர் வைத்தது பிஜு. யூ.டி. கிளார்க் பதவி கொடுத்தது மேடம். ரத்த அழுத்தம் கொடுத்தது நான். மனைவி விலாசினி, மகள் ரம்யா. நெடுமங்காட்டில் பாதியில் நிற்கிற ஒரு வீடு. ரம்யாவுக்குக் கல்யாணமும் செய்துவைத்தோம். முகம் தெரியக் கூடாது என்பதால் போட்டோக்களில் வாழையிலையும் பாயசமும் செருப்புக் குவியலும் குடைகளும்தான். ஒரு படத்தில் வேட்டி கட்டிய முதுகு ஒன்று பந்திக்கு ஓடும். அது பிஜுவின் முதுகு. நேரம் கிடைத்தபோதெல்லாம் ஆளுக்கொரு சாமான் கொண்டுபோய் வைப்போம். சிமென்ட் கடை ரசீது, ரயில் டிக்கெட், ஓணத்துக்கு அலுவலகத்தில் பூக்களம் போட யார் யார் வர வேண்டும் என்ற சண்டை. மேடம் ஒருநாள் மனசு கேட்காமல், "பாவம், வேலை தவிர ஒண்ணும் இல்லையே இந்த ஆளுக்கு" என்று சொல்லி, அரைகுறையாக எழுதிய ஒரு காதல் கவிதையைச் சேர்த்தார். யாருக்கு எழுதியது என்று கேட்டோம். "விலாசினிக்கு அல்ல" என்றார்.

புரோகிராம்கள் அவரை நம்பின. அவருடைய வீட்டுக்குள் வந்து முகமூடியைக் கழற்றின. எத்தனையோ தடவை சுகுமாரன் சாரின் ஃபைல்கள் பாழாயின, திருடு போயின, பூட்டப்பட்டன. பொத்தானை அழுத்தினால் மனிதர் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பார். அவர்மேல் எங்களுக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

செல்வியின் பென் டிரைவ் வந்தது இந்தச் சமயத்தில்தான்.

மலையோரத்து அரசு அலுவலகம் ஒன்றில் எல்லா மிஷின்களிலும் ஃபைல்கள் ஒரே நாளில் பூட்டிக்கொண்டன. முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன் விண்ணப்பங்கள் எல்லாம் அதில்தான். அங்கே ஒப்பந்த அடிப்படையில் டைப்பிஸ்டாக இருந்தவள் செல்வி. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், அந்த வீட்டிலிருந்து அலுவலக வேலைக்கு வந்த முதல் ஆள். அலுவலகத்தில் மலையாளம் டைப் அடிக்கும் புரோகிராம் ஒரே ஒரு மிஷினில்தான் இருந்தது. அதன் முன்னால் எல்லோரும் காத்துக் கிடப்பார்கள். இவள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை எடுத்து, தன் பென் டிரைவில் கொண்டுவந்து எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தாள். அடுத்த வாரமே இந்தக் கூத்து. அவள்தான் காரணம் என்று அங்கிருந்த சூப்பிரண்ட் எழுதி அனுப்பிவிட்டார். எங்கள் அறிக்கை வரும் வரை அவள் வேலைக்கு வரக் கூடாது என்றும் சொல்லியாயிற்று.

நானும் பிஜுவும் அந்தப் புரோகிராமை சுகுமாரன் சார் வீட்டுக்குள் விட்டோம். நிறுவினோம், திறந்தோம், ஒரு பத்தியை ஒட்டினோம், சேமித்தோம், மூடினோம். கடிகாரத்தைக்கூட முன்னே தள்ளிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பெண் போனில் என்னிடம் ஒரு தடவை பேசியிருந்தாள். நான் தமிழ் பேசுகிறேன் என்று தெரிந்ததும் மேடம் போய் 'அக்கா' ஆனது. "நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்க்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அறிக்கையில் 'பாதுகாப்பானது' என்று எழுதி மேடத்திடம் நீட்டினேன்.

மேடம் அந்தச் சொல்லை அடித்தார். 'நாங்கள் பார்த்த வரையில் எதுவும் செய்யவில்லை' என்று எழுதினார்.

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"இல்ல மோளே. முதல்ல உள்ளது அதைப் பத்தி. ரெண்டாவது நம்மைப் பத்தி." குரல் தணிந்திருந்தது. பிஜு ஜன்னல் பக்கம் போய்விட்டான். "நீங்க ரெண்டு பேரும் இதுல என்னெல்லாம் செய்தது?"

சொன்னோம்.

"டைப் செய்தோ?"

மலையாளம் டைப் அடிக்கிற புரோகிராமை, மலையாளத்தில் ஒரு எழுத்துகூட அடிக்காமல் சோதனை செய்திருந்தோம். காரணம் எளிது. எங்கள் மூவருக்குமே மலையாளம் டைப்பிங் தெரியாது. நான் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம், ஆனால் விசைப்பலகையில் எனக்கு இங்கிலீஷ் மட்டும்தான். பிஜு பெண்டாட்டிக்கு அனுப்பும் மலையாளத்தையே இங்கிலீஷ் எழுத்தில் அனுப்புகிறவன். மேடம் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுவோம். ஊர்க் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்ள வந்தவர்களின் லட்சணம் இது. மேடம்தான் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தக் குட்டியை வரச் சொல்லு" என்றார்.

"வேற டைப்பிஸ்டு இல்லையா மேடம்? பக்கத்து செக்ஷன்லயே இருக்காளே."

"உண்டு. பட்சே அவளோட சாதனம், அவளோட பேர். அவ இல்லாத இடத்துல அதை உணர்த்தறது, எழுப்பறது சரியில்ல."

மறுநாள் செல்வி வந்தாள். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருந்தாள். இஸ்திரி போட்ட சுடிதார், முகத்தில் தூக்கமே இல்லை. மேடம் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, டீ வரும் வரை வேறு பேச்சுப் பேசினார். பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இதன் முன்னால் உட்கார்ந்து நீ எப்போதும் அடிக்கிற மாதிரி அடிக்க வேண்டும். உள்ளே ஏதாவது ஒளிந்திருந்தால் எழுந்திருக்கலாம். எழுந்தால், உன் பென் டிரைவில் வந்ததுதான் இதைச் செய்தது என்று நான் எழுதியே ஆக வேண்டும். எழாவிட்டால் உன்மேல் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. வேண்டாம் என்றால் இப்போதே வீட்டுக்குப் போகலாம், உன்னைத் தப்பாக நினைக்க மாட்டோம்.

செல்வி டீயைத் தொடவில்லை.

"அது எழும்பினா, பூட்டிக்கிட்ட ஃபைலெல்லாம் திரும்பக் கெடைக்குமா மேடம்?"

"கிடைக்கலாம். அது உணர்ந்திருக்கும்போது சாவியும் அதோட கையில இருக்கும். நமக்குக் காணலாம். உறுதி சொல்ல மாட்டேன்."

"எழும்பலைன்னா?"

"ஃபைல் போனது போனதுதான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்த விதவை பென்ஷன் அப்ளிக்கேஷனெல்லாம் நான் அடிச்சதுதான்க்கா. எங்க லயத்துல உள்ளவங்களோடதும் அதுல கெடக்கு. மறுபடி எழுதி வாங்கலாம்னா, அதுல ரெண்டு பேருக்கு இப்ப எழுந்து நடக்கவே முடியாது." சொல்லிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "எழும்புனா எழும்பட்டும்."

நான் கேபிளைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தேன்.

மேடம் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கேபிள்? ஊரியாச்சு. ஸ்னாப்ஷாட்? எடுத்தாச்சு. யாரு பார்க்கறது? நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி, "நானும் பாக்குறேன்" என்றாள். மேடம் அவள் தோளில் கைவைத்தார்.

"என்ன அடிக்கணும்?"

"சுகுமாரன் சார் என்ன அடிப்பாரோ, அது" என்றான் பிஜு.

செல்வி திரையில் இருந்ததையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். கல்யாண போட்டோக்களைத் திறந்தாள். "போட்டோ எடுத்தவனுக்கு மொகத்தைப் புடிக்கவே தெரியலயே" என்று முணுமுணுத்தாள். பிறகு சுகுமாரன் சார் பெயரில் மலையாளத்தில் ஒரு விடுப்பு விண்ணப்பம் அடிக்கத் தொடங்கினாள். மகள் ரம்யாவைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும், மாப்பிள்ளை வீடு தூரம், மனைவிக்கு முழங்கால் வலி, ஆகையால் தயவுசெய்து என்று விவரமாகப் போயிற்று. விரல்கள் மழை மாதிரி விழுந்தன. இப்படி ஒரு சத்தம் எங்கள் அறையில் அதுவரை கேட்டதில்லை. முதல் பக்கம் முடிந்தது. ஒன்றும் இல்லை. இரண்டாவது பக்கம் பாதி போனபோது, திரையின் ஓரத்தில் பாயச போட்டோ வெள்ளையாகிப் போயிற்று. அடுத்து செருப்புக் குவியல். அடுத்து பிஜுவின் முதுகு.

செல்வி கையைத் தூக்கிவிட்டாள். "ஐயோ, அந்த ஆளோட மக கல்யாண போட்டோக்கா! நிப்பாட்டுங்கக்கா!"

தன் வேலை போவது அந்தக் கணம் அவளுக்குத் தோன்றவில்லை. யாரோ ஒரு மனிதரின் மகள் கல்யாணப் படம் போகிறதே என்றுதான் அழுதாள்.

பிஜு இன்னொரு திரையில் உள் கணினியின் நினைவகத்தை அப்படியே உறையவைத்தான். அந்தப் புரோகிராமை எழுதியவன் சாமர்த்தியசாலிதான். நிஜமாகவே ஓர் ஆள் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று உறுதியான பிறகே எழுந்திருக்கும்படி எழுதியிருந்தான். ஆனால் சோம்பேறி. எல்லா மிஷின்களுக்கும் ஒரே சாவி. இப்போதைய ஆட்கள் அந்தத் தப்பைச் செய்வதில்லை. நீளமான அந்தச் சாவியை பிஜு எழுத்தெழுத்தாக வாசிக்க, நான் காகிதத்தில் எழுத, மேடம் திரையைப் பார்த்துச் சரிபார்த்தார். கெஸ்ட் ரூமிலிருந்து அன்று வெளியே வந்தது அந்த ஒரு காகிதம் மட்டும்தான்.

பிறகு மேடம் பொத்தானை அழுத்தினார். வாழையிலையும் குடைகளும் பந்திக்கு ஓடும் முதுகும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. செல்வி வாயைப் பிளந்து பார்த்தாள். சுகுமாரன் சார் என்று ஒருவர் கிடையவே கிடையாது என்று பிஜு சொன்னதும் அழுகையும் சிரிப்புமாக அவன் கையில் ஓர் அடி வைத்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையில் எதையோ தேடினாள்.

"நான் அடிச்ச லீவு லெட்டர்?"

"அதும் போச்சு" என்றார் மேடம். "அவனுக்கு லீவ் இல்ல. பெண்டிங்."

அறிக்கை எழுதும்போது மேடம் ஒரு சொல்லையும் மெழுகவில்லை. பென் டிரைவில் வந்த புரோகிராம்தான் செய்தது என்றே எழுதினார். ஆனால் அதோடு அந்த அலுவலகத்துக்கு நேரில் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. செல்வியால் கிடைத்த சாவியைப் போட்டு ஃபைல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது சூப்பிரண்ட் கூடவே நின்றார். "எஸ்டேட்ல இருந்து வந்த பொண்ணை மிஷின் முன்னால உட்கார வெச்சா இப்படித்தான் மேடம்" என்றார், மேடம் ஆமாம் போடுவார் என்று நினைத்து.

மேடத்தின் குரல் தணிந்தது. "சாரே, இத்தனை பேர் மலையாளம் டைப் செய்யறதுக்கு இந்த ஆபீஸ் எத்தனை மிஷின்ல புரோகிராம் கொடுத்திட்டுண்டு?"

அவர் அந்த ஒரே மிஷினைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் குட்டி செய்தது தெரியாம செய்த தெற்று. அது உணரும்னு அறிஞ்சும் டைப் செய்தா. அதை நான் எழுதியிட்டுண்டு. கடைசிப் பாரா. வாசிச்சு நோக்குங்க."

மேடம் எழுதிய அறிக்கைகளிலேயே ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிற ஒரே பாரா அதுதான். செல்வி திரும்ப வேலைக்குப் போனாள். பின்னால் பரீட்சை எழுதி நிரந்தர வேலையும் வாங்கிவிட்டாள். இப்போது அவளுக்குக் கீழே டைப்பிஸ்டுகள் இருக்கிறார்கள்.

அஞ்சனா கேட்டதும் முதலில் செல்விக்குத்தான் சொன்னேன். "அந்தத் தலைப்பிரசவத்துப் புள்ள இப்ப பத்தாங்கிளாஸ் போயிருக்கும்லக்கா" என்றாள். அப்புறம் கோட்டயத்துக்குப் போன் செய்தேன். மேடத்துக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. "சுகுமாரன் சாரை அழிக்கப் போறா மேடம்!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"அவனோட லீவ் என்னாச்சு?"

"பெண்டிங்லதான் இருக்கு மேடம்."

"பாசாக்கு" என்றார். "எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்கட்டும்."

நேற்று அஞ்சனா கூப்பிட்டாள். அதுவரை எழுதியதை அவளுக்கு அனுப்பியிருந்தேன், படித்துவிட்டாளாம். மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாளாம். அழிப்பதற்கு முன்னால் அந்தப் போட்டோக்களையாவது ஒரு மெயிலில் எனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாள். ஆசையாகத்தான் இருந்தது. அந்த வாழையிலையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. கெஸ்ட் ரூமிலிருந்து எதுவும் வெளியே வரக் கூடாது, கண்ணால் பார்த்ததை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், அது போதும் என்று சொல்லிவிட்டேன். லீவ் பாஸான விஷயத்தையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சரி மேடம்" என்றாள்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நான் கேட்டேன்.

"கேபிள்?"

"ஊரியாச்சு மேடம்."

"ஸ்னாப்ஷாட்?"

அவள் தயங்கினாள். "எடுக்கலை மேடம். இனி எதுக்கு?"

ஆமாம், இனி எதுக்கு.

"யாரு பார்க்கறது?"

"நான்" என்றாள் அஞ்சனா. அழித்து முடியும் வரை போனையும் வைக்கவில்லை, நாற்காலியை விட்டு எழவும் இல்லை.